இத்துனூண்டு வலி

அந்த ஆளை நான் திருப்பி அனுப்பியிருப்பேன். அரை நிமிடம் தவறியிருந்தால் போயே போயிருப்பார். இருபத்தைந்து வருடம் ஆன பிறகும் அந்த அரை நிமிடம் என்னை விடவில்லை.

1987, அக்டோபர், ஒரு சனிக்கிழமை காலை. மழைக்காலம் முடிகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் முந்தின நாள் மாலையே பஸ் ஏறி, பியூப்லா நகரத்தில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சாந்தா ரீத்தா கிராமத்துச் சுகாதார நிலையத்தில் மிச்சம் இருந்தது நானும், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு ஃப்ரிட்ஜும்தான். எனக்கு இருபத்துநான்கு வயது. ரொசால்பா என்சினாஸ் என்று பெயர் எழுதிய பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு இந்த மலைக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

ஒன்பது மணிக்குப் பாதிக் கதவுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். மார்புக்கு மேலேதான் தெரிந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நர்ஸம்மா, தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். ஒரு குட்டி உதவி."

"சொல்லுங்க."

"வீட்டுக்காரிக்கு வலி. இத்துனூண்டு வலிதான்."

"எங்க வலிக்குது?"

"வயித்துல. மாசமா இருக்கா. நாளெல்லாம் முடிஞ்சிருச்சு."

"அப்ப பிரசவ வலியாத்தான் இருக்கும். மருத்துவச்சி யாராவது இருக்காங்களா?"

"பெத்ரோனிலாம்மா கூடவே இருக்காங்க."

"அப்புறம் என்ன பயம்? வலி ஜாஸ்தியானா இங்க கூட்டிட்டு வாங்க. திங்கக்கிழமை டாக்டரும் வந்துருவார்."

"சரிங்க நர்ஸம்மா. ரொம்ப நன்றி. கடவுள் உங்களுக்குக் குறை வைக்கமாட்டார்."

ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்கவில்லை. கெஞ்சவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது வடக்கே, சொனோராவில். எங்கள் ஸ்பானியச் சொற்களுக்கு வால் உண்டு. 'இட்டோ' என்று வால் வைத்தால் அந்தப் பொருள் குட்டியாகிவிடும். 'ஓன்' என்றோ 'ஓட்டே' என்றோ வைத்தால் தடியாகிவிடும். சொனோராக்காரர்களுக்கு முதல் வால் அவ்வளவாக வராது. வெயில் என்பதைக்கூட வெறும் 'கலோர்' என்று விடமாட்டோம், 'கலோரோன்' என்போம். என் அப்பாவுக்கு ஜலதோஷம் வந்தால் நான்கு வீடு தள்ளித் தெரியும். சாகப்போகிறவர் மாதிரிதான் பேசுவார். இந்த மலையிலோ எல்லாமே குட்டி. காபிக்குட்டி, தண்ணிக்குட்டி, கடவுள்கூடக் குட்டி. செத்துப்போனவரை 'முவெர்த்திட்டோ' என்பார்கள், செத்தவர்க்குட்டி. வந்த முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் காதில் விழாமலே போய்விட்டது. அதுதான் தப்பு.

அவர் படி இறங்கும்போது என்ன தோன்றியதோ, நின்று, "குடிக்கக் கொஞ்சூண்டு தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். பானையில் மொண்டுகொண்டு கதவைத் திறந்து வெளியே வந்தேன். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். தொடை வரை செம்மண் சேறு, காய்ந்து வெடித்து, மேலே புதுச் சேறு. ஒரு செருப்பின் வார் அறுந்து கொடியால் கட்டியிருந்தார். குதிகால் கிழிந்து ரத்தம். நான்கு குவளை தண்ணீர் குடித்தார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"சீக்கிரமாவே."

"சீக்கிரம்னா?"

"கோழி கூவறதுக்கு முன்னாடி. நாலு மணி இருக்கலாம்."

"இத்துனூண்டு வலிக்கா அஞ்சு மணி நேரம் நடந்து வந்தீங்க?"

அவர் குவளையைத் திருப்பித் தந்தார். "வியாழக்கிழமையிலிருந்து அவளுக்கு அந்த இத்துனூண்டு வலி, நர்ஸம்மா."

வியாழன், வெள்ளி, சனி. உள்ளே ஓடி, பையை எடுத்தேன். சலைன் பாட்டில் இரண்டு, ரத்த அழுத்தக் கருவி, கையுறை, கத்தரி, குழந்தையின் மூக்கையும் வாயையும் உறிஞ்சுகிற ரப்பர் பல்ப். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, என் காபி பிளாஸ்க்கைக் கழுவி அதற்குள் ஈரத்துணியில் சுற்றிப் போட்டேன். கதவைப் பூட்டி, 'லோமா லார்காவுக்குப் போயிருக்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். அவர் ஊரின் பெயர் அதுதான். நீளமான குன்று என்று அர்த்தம். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

அவர் பெயர் நிகனோர். மனைவி செனோபியா. இது மூன்றாவது பிரசவம். மற்ற இரண்டும் மூன்று மணி நேரத்தில் முடிந்தவை. மூத்ததுகள் இரண்டும் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. இவ்வளவையும் நடந்துகொண்டே நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். பையை நெற்றிப்பட்டையில் கோர்த்து முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் போனார். கிழிந்த குதிகாலோடு அவர் நடந்த வேகத்துக்கு என்னால் பாதிதான் முடிந்தது.

ஒரு மணி நேரம் ஏறியபின், "இன்னும் எவ்வளவு தூரம் நிகனோர்?" என்றேன்.

"பக்கத்துலதான் நர்ஸம்மா. இந்தா, இந்தக் குட்டி மேட்டுக்கு அந்தாண்ட."

அந்தக் குட்டி மேட்டில் ஏற எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. உச்சியில் நின்று அந்தாண்டை பார்த்தேன். மூடுபனி. மூடுபனிக்கு நடுவே இன்னொரு மேடு.

"இதுவா?"

"இது இல்ல. இதுக்கு அடுத்த குட்டி மேடு. நடுவுல ஒரு ஓடைக்குட்டி வரும்."

ஓடைக்குட்டி என் இடுப்புக்கு மேலே ஓடியது. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்தோம். அவர் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பிளாஸ்க் நனையக் கூடாது என்று நான் ஒருமுறைதான் சொன்னேன், அதன்பிறகு அந்தப் பையைத் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் போலத்தான் தூக்கிவந்தார். எதிரே கோவேறு கழுதை ஓட்டிவந்த ஒருவரிடம் லோமா லார்கா எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "இதோ வந்தாச்சும்மா, இப்பவே போயிரலாம்" என்றார். அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் நடந்தோம்.

மூன்றாவது மேட்டின் பாதியில் வழுக்கி விழுந்தேன். முழங்கை சிராய்த்துக்கொண்டது. எழுந்திருக்காமல் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டேன். கோபம்தான் வந்தது.

"நிகனோர், நேரா சொல்லுங்க. தூரமா, பக்கமா? குட்டி, கொஞ்சூண்டு எல்லாம் வேணாம். எவ்வளவு தூரமோ அவ்வளவு பெருசா சொல்லுங்க."

அவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"பெருசா சொன்னா நீங்க இங்கேயே களைச்சுப் போயிருவீங்களே நர்ஸம்மா."

"அது சரி. ஆனா காலையில? உங்க பொண்டாட்டி ரெண்டு நாளா கிடக்கறா. எங்கிட்ட இத்துனூண்டு வலின்னு சொன்னீங்க. நான் போங்கன்னதும் சரின்னுட்டுக் கிளம்பிட்டீங்க."

"பெரிய வலின்னு சொன்னா உங்களுக்கு உத்தரவு போடற மாதிரி ஆயிடும். வராம இருக்க உங்களுக்கு வழியே இல்லாமப் போயிடும்." தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "அப்புறம், பேரைப் பெருசா சொன்னா அதுவும் பெருசா வளந்துரும்னு ஒரு பயம்."

எழுந்து நடந்தேன். இங்கே இருக்கிறவர்களின் பழைய மொழியில் சிறியதைக் குறிக்கிற வாலும் மரியாதையைக் குறிக்கிற வாலும் ஒன்றுதான் என்பது வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாய்க்குட்டிக்கும் அதே வால், ஊர்ப் பெரியவருக்கும் அதே வால். ஸ்பானியம் பேச வந்தபோது அந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இந்த மனிதர் எதையாவது எவ்வளவு சிறிதாகச் சொல்கிறாரோ அவ்வளவு வேகமாக நான் நடக்க வேண்டும்.

லோமா லார்காவை அடைந்தபோது மணி நான்கு ஆகப் போனது. பலகைச் சுவர், தகரக் கூரை. முற்றத்தில் பாயில் காபிக்கொட்டை காயப் போட்டிருந்தது. அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது, யாரும் மூடவில்லை. அதைப் பார்த்ததும்தான் நிகனோர் ஓட ஆரம்பித்தார். கொட்டைக்காக அல்ல. அதை மூட ஆள் இல்லாத அளவுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

பெத்ரோனிலா வாசலுக்கு வந்தாள். குள்ளம், கட்டை, முழங்கை வரை கழுவிய கை. இந்தச் சரிவுகளில் முந்நூறு பிள்ளைகளையாவது அவள் எடுத்திருப்பாள்.

"வந்துட்டியா மகளே. நல்லதாப் போச்சு. பிள்ளை கொஞ்சூண்டு சோம்பேறி. வாசல் வரைக்கும் வர்றான், எட்டிப் பார்க்கறான், திரும்பிப் போயிடறான்."

உள்ளே ஒரு ஜன்னல்தான். கட்டிலில் செனோபியா சாய்ந்திருந்தாள். முகம் சாம்பல் நிறம். உதட்டைக் கடித்துக் கடித்து வீங்கியிருந்தது. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது, வலி வரும்போது பிடித்து இழுப்பதற்கு. அவள் உள்ளங்கைத் தோல் உரிந்து, கயிறு அந்த இடத்தில் சிவந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நர்ஸம்மாவுக்குக் காபி குடுத்தீங்களா?" என்றாள் பெத்ரோனிலாவிடம்.

"காபி அப்புறம்மா. வலி எப்படி இருக்கு?"

"இத்துனூண்டுதான். வரும், போகும்."

நான் கையுறை போட்டுக்கொண்டு பார்த்தேன். வழி முழுதும் திறந்திருந்தது. குழந்தையின் தலை கைக்கு எட்டியது. இதயத்துடிப்பு மெதுவாக, ஆனால் இருந்தது. பெரிய பிள்ளை. மிகப் பெரிய பிள்ளை. வயிற்றைத் தொட்டபோதே அது தெரிந்தது. இரண்டு நாள் முக்கி அவளிடம் பலம் மிச்சமில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். அடுத்த வலிக்குக் காத்திருந்தோம். பெத்ரோனிலா அவள் காதருகே குனிந்து ஏதோ பழைய மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான்கு வலிகள் கழித்துத் தலை வெளியே வந்தது. வந்ததும் ஆமை மாதிரி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. தோள் சிக்கிவிட்டது. இதை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்தப் பக்கத்தில் நிமிடங்களைப் பற்றி எழுதியிருந்தது, ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்று. செனோபியாவின் முழங்காலை மடக்கி மார்போடு அழுத்தினோம். வரவில்லை.

"புரட்டு" என்று நானும் பெத்ரோனிலாவும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

"நிகனோர், உள்ள வாங்க."

பிரசவ அறைக்குள் ஆண் வருவது அங்கே வழக்கமில்லை. பெத்ரோனிலா மறுக்கவில்லை. அவர் வந்து மனைவியின் அக்குள்களில் கை கொடுத்துத் தூக்க, நாங்கள் அவளை நாலு காலில் குழந்தை தவழ்கிற மாதிரி திருப்பினோம். அவள் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டாள். பிள்ளையின் மேலே இருந்த தோள் வழுக்கி விடுபட்டது. அடுத்த மூச்சில் முழுப் பிள்ளையும் என் கையில் விழுந்தது. ஆண். நீலம். துணியைப் போலத் துவண்டு கிடந்தது. அழவில்லை.

செனோபியாவைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். தொப்புள்கொடியை வெட்டினேன். சிறிது நேரத்தில் நஞ்சுக்கொடியும் வந்தது. பெத்ரோனிலா அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, "முழுசா இருக்கு" என்றாள். அது என் காதில் அரைகுறையாக விழுந்தது. நான் ஜன்னலடியில் மேசைமேல் பிள்ளையை வைத்துக்கொண்டு ரப்பர் பல்பால் உறிஞ்சினேன், முதுகைத் தேய்த்தேன், அவன் மூக்கையும் வாயையும் என் வாயால் மூடிச் சின்னச் சின்னதாக ஊதினேன். என் முதுகு கட்டிலின் பக்கம். இது எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு முறை அவன் விக்கினான். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி விக்கினான். பிறகு பூனை மாதிரி ஒரு சத்தம்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. ரொம்ப மெதுவாக.

"நர்ஸம்மா. வேலையா இருக்கீங்க போல. ஒண்ணுமில்ல. கீழ கொஞ்சூண்டு ஈரமா இருக்கு. ஒரு சொர்ரிட்டோ."

சொர்ரோ என்றால் குழாயில் கொட்டுகிற தாரை. சொர்ரிட்டோ என்றால் அதன் குட்டி, சும்மா கசிவது. பிள்ளை பெற்றவளுக்குச் சற்றுக் கசிவது இயற்கை. அன்று காலை ஒன்பது மணிக்கு இருந்த ரொசால்பா என்றால், சரிம்மா, இதோ வர்றேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை அப்போதுதான் மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தான்; அவனை விட்டுத் திரும்ப மனம் வரவில்லை.

"செனோபியா, எங்கிட்ட மரியாதை எல்லாம் வேணாம்மா. சொர்ரிட்டோவா, சொர்ரோவா?"

பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே மறுபடி கேட்டேன்.

"பெருசா சொல்லு. எவ்வளவு பெருசோ அவ்வளவு பெருசா சொல்லு."

"சொர்ரோட்டே, நர்ஸம்மா" என்றாள். "மன்னிச்சுக்கணும்."

பிள்ளையைப் பெத்ரோனிலாவின் கையில் திணித்துவிட்டுத் திரும்பினேன். செனோபியாவின்மேல் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தேன். பாய் முழுக்க ரத்தம், கட்டில் பலகை இடுக்கு வழியாக மண் தரையில் இறங்கிக் குளமாகியிருந்தது. மண் உறிஞ்சிக்கொண்டதால் சத்தமே இல்லை. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே தூங்குகிற மாதிரி போயிருப்பாள்.

அடிவயிற்றில் கை வைத்தேன். கர்ப்பப்பை பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. இரண்டு நாள் உழைத்து, அவ்வளவு பெரிய பிள்ளையைத் தள்ளிவிட்டு, சுருங்கவே மறந்துவிட்டது. பிளாஸ்க்கைத் திறந்து ஊசி போட்டேன். நரம்பு கிடைக்கவில்லை, மூன்றாவது குத்தில் கிடைத்தது. சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க நிகனோரைக் கட்டில்மேல் ஏறி நிற்கச் சொன்னேன். ஒரு கையை உள்ளேயும் ஒரு கையை வயிற்றின் மேலேயும் வைத்து, என் முழு எடையையும் கொடுத்து அழுத்தினேன். பெத்ரோனிலா, பிள்ளையை அவன் அம்மாவின் மார்பில் வைத்துப் பாலுக்குப் பிடித்துவிட்டாள். பிள்ளை சப்பினால் கர்ப்பப்பை சுருங்கும் என்று சொல்கிற புத்தகத்தை அவளுக்கு யாரும் வாங்கிக் கொடுத்ததில்லை.

"பேசும்மா செனோபியா, தூங்காத. எப்படி இருக்கு?"

"தலை சுத்துது."

"கொஞ்சமாவா?"

"நிறைய. ரொம்ப நிறைய. காது இரையுது. கால் ஐஸா இருக்கு." அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "நர்ஸம்மா, எனக்குப் பயமா இருக்கு. பெரும் பயமா இருக்கு."

கட்டில்மேல் பாட்டிலைப் பிடித்து நின்ற நிகனோர் அழ ஆரம்பித்தார். கை மட்டும் ஆடவில்லை.

"நல்லது" என்றேன். "அப்படியே சொல்லிட்டே இரு."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளாக விழுங்கியதையெல்லாம் சொன்னாள். வியாழக்கிழமை ராத்திரியே இடுப்பு பிளந்துவிடும் போல இருந்தது என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் செத்துப்போனால் போதும் என்று இருந்தது என்றாள். இரண்டாவது ஊசி போட்டேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நகர்ந்தது. முதலில் நம்பவில்லை. பிறகு அது பச்சை ஆரஞ்சு மாதிரி திரண்டு, இறுகி, அப்படியே நின்றது. ரத்தம் தாரையிலிருந்து கசிவாயிற்று, கசிவிலிருந்து சொட்டாயிற்று. நாடி நூற்று நாற்பது இருந்தது. அரை மணி கழித்து நூற்றிருபது. இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியபோது நூற்று நான்கு. அவள் பசிக்கிறது என்றாள்.

வெளியே வந்தேன். மழை விட்டு, பள்ளத்தாக்கில் சாயங்கால வெயில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது. ஒரு சாக்குமேல் உட்கார்ந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ எடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதன் லேசு தாங்காமல் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. பெத்ரோனிலா வந்து பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட் ஒன்றை வாயில் வைத்தாள்.

"பயந்துட்டியா மகளே?"

"ஆமாம்மா. ரொம்ப."

"நானும் பயந்தேன். கொஞ்சூண்டு" என்றாள். அந்தச் சிகரெட்டைப் பற்றவைக்க அவளுக்கு ஐந்து தீக்குச்சி தேவைப்பட்டது.

நிகனோர் காபி நிறுக்கிற தராசை எடுத்துவந்து வாசல் உத்தரத்தில் மாட்டினார். துணியில் முடிந்து பிள்ளையைத் தொங்கவிட்டோம். முள் நான்கு கிலோ எண்ணூறைத் தாண்டி நின்றது. தோள்கள் கழுத்தைத் தின்றுவிட்டிருந்தன. தொடையில் மூன்று மடிப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு வரி கேட்க வந்த அதிகாரி மாதிரி எங்களைப் பார்த்தான்.

"பாருங்க நர்ஸம்மா" என்றார் நிகனோர், உடைந்த குரலில். "எவ்வளவு குட்டியூண்டு."

பெத்ரோனிலா புகையை விழுங்கி இருமினாள். "குட்டியூண்டா? டேய், கன்னுக்குட்டி போட்டிருக்கா உன் பொண்டாட்டி." உள்ளேயிருந்து செனோபியா சிரிப்பது கேட்டது, சிரித்தால் வலிக்கிறது என்றாள், எவ்வளவு என்று நான் கேட்பதற்குள், "நடுத்தரமா வலிக்குது நர்ஸம்மா" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

அந்த இரவு அவள் பக்கத்திலேயே இருந்தேன். ரத்தம் மறுபடி வரவில்லை. எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம், என்மேல் ஒரு கம்பளி, அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிற வாசனை. பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தான். செனோபியாவின் உதட்டில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. ரோஜா நிறம் என்று சொல்ல முடியாது, ஆனால் சாம்பல் இல்லை. அவள் எழுந்திருக்க மூன்று வாரம் ஆகும், ஈரல் சாப்பிட வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை டாக்டரிடம் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். தலையாட்டினாள். ஆனால் அவள் கவனம் என்னிடம் இல்லை. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிகனோர்" என்று கூப்பிட்டாள். குரல் பலவீனம்தான், ஆனால் ஏறியது. "அந்தக் காபியை யாரு நனைய விட்டது?"

அவர் வாசலில் வந்து நின்றார்.

"நேத்திலிருந்து மழையில கிடக்குது. ஒரு சாக்கை எடுத்துப் போடத் தெரியாதா? தலைக்குள்ள என்ன, சோளக்கட்டையா? கழுதையே. பெரிய தடிக் கழுதையே."

"சரிம்மா" என்றார் அவர்.

"சரிம்மாவாம். போ, போய் வாரு. அழுகினதைத் தனியா எடு. பெத்ரோனிலாம்மாவுக்கும் நர்ஸம்மாவுக்கும் முட்டை பொரிச்சியா? அதுவும் இல்லையா?"

அவர் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டு வாங்குவதற்காகவே அங்கே நின்ற மாதிரி இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முட்டை தேடக் கோழிக்கூட்டுப் பக்கம் போனார். நான் மறுபடி கம்பளியை இழுத்துக் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடினேன். முட்டை வரட்டும், அப்புறம் எழுந்திருக்கலாம் என்று இருந்தது.